கிளெமென்ட் சொன்ன பக்குவம்

மேட்டுப்பட்டி,
திண்டுக்கல்.
14.9.1997

அன்புள்ள கிளாராவுக்கு,

மாதா துணை. நானும் பிள்ளைகள் வினோலியாவும் ரொனால்டும் சுகம். குவைத்தில் நீயும் சுகமாக இருக்கவும், நீ புதிதாகச் சுடக் கற்றுக்கொண்ட கேக்குகள் நன்றாக உப்பி வரவும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம். நாலு பக்கத்திலும் கிளெமென்ட். வெண்ணெயையும் சீனியையும் எப்படிக் குழைப்பது என்று கிளெமென்ட் சொன்னார். முட்டையை எப்படி அடிப்பது என்று கிளெமென்ட் காட்டினார். நர்ஸ் வேலை போனாலும் உனக்குப் பேக்கரியில் பிழைப்பு உண்டு என்று கிளெமென்ட் சிரித்தார். மிக்கேல்ராஜ் என்ற பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். கவரின் மேல் விலாசத்தில் இருந்தது. கட்டின புருஷனுக்குத் தபால்காரர் படிக்கிற இடத்திலாவது இடம் கொடுத்திருக்கிறாய், சந்தோஷம்.

உங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் கேக் சுடுகிறவர், நம் ஆத்தூர்க்காரர், அண்ணன் மாதிரி என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். நீ அனுப்பிய போட்டோவில் அண்ணன் முகத்தைப் பக்கத்தில் நிற்கிற பெண்ணின் தலை மறைக்கிறது. மீசை மட்டும் தெரிகிறது. நல்ல மீசைதான். கேக் வெட்டுகிற கத்தியை நீ பிடித்திருக்கிறாய், உன் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை இருக்கிறது. அது யார் கை என்று எழுதவும். எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

ஜனவரியோடு நீ போய் இரண்டு வருடம் முடிகிறது. அதற்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கே வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனாய். டிக்கெட் போட்டாயா என்று போன கடிதத்தில் கேட்டேன். பதிலுக்குப் பிளம் கேக் பக்குவம் வந்திருக்கிறது.

எட்டாம் தேதி வினோலியாவுக்குப் பிறந்தநாள். அவளோடு படிக்கிற பிள்ளைகள் கடை கேக் வெட்டுகிறார்களாம். நமக்கும் கடையில் வாங்கிவிடலாம் என்றேன். அவள் உன் போட்டோவை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அம்மா மாதிரி வீட்டுல சுடணும்ப்பா" என்றாள். சரி, குவைத்தில் மட்டும்தான் மாவு உப்புமா, பார்த்துவிடலாம் என்று எனக்கும் ரோசம் வந்துவிட்டது. குக்கரின் வெயிட்டையும் கேஸ்கட்டையும் கழற்றிவிட்டு, அடியில் ஆற்று மணலைப் பரப்பி, அதன் மேல் மாவுத் தட்டை வைத்து மூடினேன். எதிர்வீட்டு குர்ஷித் அக்காதான் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் கேக் அடியில் கரி, நடுவில் களி. அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, செத்த நேரம் சும்மா இருக்க முடியாதா? தொறந்து தொறந்து பாத்தா அது எப்பிடி உப்பும்?" என்று திட்டினார்கள். இரண்டாவது கேக் நன்றாகவே வந்தது. ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. வினோலியா தன் வகுப்பு முழுவதற்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பிறந்தநாள் கவுனும் வீட்டிலேயே தைத்ததுதான். நீ பீரோவில் வைத்துவிட்டுப் போன சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை, அந்தச் சிவப்புச் சேலை, மடிப்பில் இற்றுப்போக ஆரம்பித்திருந்தது. நல்ல பக்கமாக வெட்டி உன் மெஷினிலேயே தைத்தேன். கை மட்டும் ஒன்று பெரிதாகப் போய்விட்டது. ஓடிக்கொண்டே இருக்கிற பிள்ளைக்கு அது தெரியாது. மிச்சத் துணியில் ரொனால்டுக்கு ஒரு தலையணை உறை.

ஆக, உன் கிளெமென்ட் இல்லாமலே திண்டுக்கல்லில் கேக் உப்புகிறது. நீ இல்லை என்று இங்கே ஒரு வேலையும் நிற்கவில்லை. இதை அவரிடமும் சொல்லலாம். டிக்கெட் விஷயம் எழுதவும்.

அன்புடன்,
மிக்கேல்ராஜ்


மேட்டுப்பட்டி,
திண்டுக்கல்.
9.11.1997

அன்புள்ள கிளாராவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். மழை விடாமல் பெய்கிறது. துணி காயவில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

என் கேக் கருகியதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாயாம். நீ சிரித்தது சரி. அதைக் கிளெமென்ட்டிடம் ஏன் சொன்னாய்? நம் வீட்டுக் கருகல் நம் வீட்டோடு இருக்கக்கூடாதா? அவர் உடனே அக்கறையாக யோசித்து, சீனியைப் பொடித்துப் போடச் சொல்லுங்கள், மணலை முதலில் நன்றாகச் சூடேற்றச் சொல்லுங்கள் என்று எனக்குப் பாடம் வேறு அனுப்பியிருக்கிறார். அவர் சொன்ன மாதிரி நான் செய்யவில்லை. குர்ஷித் அக்கா சொன்ன மாதிரிதான் செய்தேன். இரண்டும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

அது யார் கை என்று கேட்டதற்கு, 'அட போங்க' என்று ஒரு வரி. அட போங்க என்பது ஒரு பதிலா?

இங்கே கிறிஸ்துமஸ் குடில் வேலைகள் ஆரம்பித்துவிட்டன. எங்கள் மில்லில் நூல் சுற்றுகிற பேப்பர் கோன்களில் முனை நசுங்கினவற்றைக் குப்பையில்தான் போடுகிறார்கள். சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்தேன். கோனைக் கவிழ்த்து வைத்தால் அங்கி போட்ட ஆள் மாதிரியே இருக்கிறது. மேலே களிமண் தலை வைத்து, துண்டுத் துணி போர்த்தி, சூசையப்பர், இடையர்கள், மூன்று ராஜாக்கள் எல்லாம் செய்துவிட்டோம். கழிவுப் பஞ்சில் ஆட்டுக்குட்டிகள். குடில் செலவு பசையோடு முடிந்தது. பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்க வந்தபோது பார்த்துவிட்டு, கோயிலுக்கும் ஒரு ஜோடி ஆட்டுக்குட்டி கேட்டிருக்கிறார்.

மீந்த கோன்களில் வினோலியா ஒரு குடும்பம் செய்தாள். பெரிய கோன் நான். குட்டிக் கோன் ரொனால்டு. சுங்குடித் துணி சுற்றினது நீ. உன்னைச் செய்து முடித்ததும் கொண்டுபோய் ஜன்னல் மேலே வைத்துவிட்டாள். ஏம்மா என்று கேட்டேன். "அதுதான் குவைத்து" என்றாள். ரொனால்டு எட்டி எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தூக்கச் சொல்கிறான்.

இதையெல்லாம் உன்னை வருத்த எழுதவில்லை. பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள். காலையில் நானே இட்லி அவிக்கிறேன், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் செய்கிறேன், தலை வாரி விடுகிறேன். பள்ளி விட்டு வந்தால் நான் ஷிப்ட் முடிந்து வரும் வரை குர்ஷித் அக்கா வீடு. "பொம்பளைக தோத்தாக போ, அம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கியேப்பா வீட்ட" என்று அக்கா தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து வருகிற தன் வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் பாவம், அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

கிளெமென்ட் டிசம்பரில் லீவில் வருகிறார், அவர் கையில் ஒரு சாமான் கொடுத்தனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நீயே வரும்போது அவர் கையில் எதற்கு? பெட்டியில் இடம் இல்லை என்றால் உன் துணிமணியை விட்டுவிட்டு வா. எந்தத் தேதி, எந்த விமானம் என்று இந்தக் கடிதத்திலும் நீ எழுதவில்லை. திருச்சிக்கா மெட்ராஸுக்கா என்று தெரிந்தால்தான் கார் சொல்ல முடியும்.

அன்புடன்,
மிக்கேல்ராஜ்


மேட்டுப்பட்டி,
திண்டுக்கல்.
22.12.1997

கிளாராவுக்கு,

உன் கிளெமென்ட் நேற்று வந்தார்.

வருகிறவர் எப்படி இருப்பார் என்று நான் ஒரு மாதமாக மனதுக்குள் தைத்து வைத்திருந்த ஆள் வேறு. பூசை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல், தலையைச் சீவிக்கொண்டு, வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வந்து இறங்கியது என் தோள் உயரத்துக்கு ஒரு மனிதர். வழுக்கை. மீசையில் சாயம் வெளுத்து வேரெல்லாம் வெள்ளை. கூடவே அவர் வீட்டம்மா இஞ்ஞாசியம்மாள். இவருக்காகவா இத்தனை கடிதம் எழுதினோம் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கம் காப்பி போடுகிற வரைக்கும்தான் இருந்தது.

காப்பியை ஆற்றிக்கொண்டே அவர் சாதாரணமாகச் சொன்னார்: "தங்கச்சியும் இப்பிடித்தான், திக்கா குடிக்கும். ஆனா சீனியே போடாது." நீ சீனி போடாமல் காப்பி குடிக்கிறாயா? இங்கே இருந்தபோது இன்னொரு கரண்டி சீனிக்குச் சண்டை போட்டவள் நீ. எப்போது விட்டாய்? ஏன் விட்டாய்? உடம்புக்கு ஏதாவதா? எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிகிறது. மீசை கறுத்தால் என்ன, நரைத்தால் என்ன, எனக்கு வயிறு எரிந்தது.

பிள்ளைகள் அவரை விடவில்லை. நம் குக்கர் கேக்கை அவருக்கு வெட்டிக் கொடுத்தேன். நன்றாக மென்று பார்த்துவிட்டு, பக்குவம் சரியாக வந்திருக்கிறது என்றார். இஞ்ஞாசியம்மாளும் ஒரு துண்டு எடுத்தார்கள். தின்று முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "எங்க வீட்டுக்காரரு ஊரு பூராவுக்கும் சுட்டுப் போடுறாரு. அவரு கையால ஒரு கேக்கு நான் தின்னதில்ல தம்பி. உங்க வீட்டுக்காரிக்குச் சொல்லிக் குடுத்ததுல கால்வாசி எனக்குச் சொல்லிக் குடுத்திருப்பாரா?" என்றார்கள். அவர் தட்டில் உதிர்ந்த துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தார். எனக்கு அந்தம்மாவைப் பார்த்ததும் கூடப் பிறந்தவளைப் பார்த்தது போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டியை உள்ளே கொண்டுவந்தார். கேக் சுடுகிற கரண்ட் அடுப்பு. பெட்டியின் மேல் உன் கையெழுத்தில் நம் விலாசம். ரொனால்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். இதை அவளே வரும்போது எடுத்து வந்திருக்கலாமே, உங்களுக்கு ஏன் சிரமம் என்று நான் உபசாரமாகக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தங்கச்சிதான் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் காண்ட்ராக்ட்டுல கையெழுத்துப் போட்டுருச்சே. லீவு கூட வேணாம், காசாக் குடுங்கன்னு எழுதிக் குடுத்துருச்சு. வீட்டுக்கு மாடி எடுக்கணுமாம்ல. நீங்க சொல்லித்தானே செஞ்சுச்சு?" என்றார்.

ஆமாம், நான்தான் சொன்னேன் என்றேன்.

வேறு என்ன சொல்ல? என் பெண்டாட்டி வரமாட்டாள் என்பதை ஆத்தூர்க்காரர் வந்து சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன் என்று அவருக்குக் காட்டச் சொல்கிறாயா? சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு கேக் வைத்தேன்.

போகும்போது வாசலில் நின்று என்னைப் பாராட்டினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "தங்கச்சி உங்க லெட்டரக் கேன்டீன்ல எங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டும். கேக்கு, கவுனு, குடிலு எல்லாம். 'எங்க வீட்டுக்காரரு எல்லாத்தையும் பாத்துக்கிறாரு, நான் இல்லாமயே வீடு நல்லா நடக்குது, இங்க இருந்து நாலு காசு சேத்தாத்தான் எனக்கு மரியாதை'ன்னு சொல்லும்" என்றார்.

படித்துக் காட்டும்போது நீ சிரித்தாயா கிளாரா? நானாகத்தான் எழுதினேன். எந்தக் கேன்டீன்காரரையோ ஜெயிக்க வேண்டும் என்று எழுதினேன். நீ இல்லை என்று ஒரு வேலையும் நிற்கவில்லை என்று எழுதினேனே, அது அவருக்கு எழுதிய வரி. நீ உனக்கு என்று எடுத்துக்கொண்டாய்.

எழுதாமல் விட்டதையும் இப்போது எழுதுகிறேன். அக்டோபரில் ரொனால்டுக்கு ஒரு வாரம் விடாத காய்ச்சல். ராத்திரி முழுக்க என் சட்டையைப் பிடித்துக்கொண்டு குர்ஷித் அக்காவைக் கூப்பிட்டான். அம்மா என்று கூப்பிடவில்லை. வினோலியாவின் தலையில் பேன் பிடித்து, எனக்கு எடுக்கத் தெரியாமல், ஒட்ட வெட்டிவிட்டேன். நீ விட்டுப் போன முடி முழுக்கப் போயிற்று. கண்ணாடியைப் பார்க்க மாட்டேன் என்று இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. நான் அவித்த இட்லியை அவர்கள் தின்கிறார்கள், உண்மைதான். வேறு வழியில்லாமல் தின்கிறார்கள்.

மாடி வேண்டாம். யார் ஏறி உட்காரப் போகிறார்கள்? நாங்கள் மூன்று பேரும் ஒரே பாயில் படுக்கிறோம், மிச்ச அறையே காலியாகக் கிடக்கிறது. போட்ட கையெழுத்தை அழிக்க முடியாது என்றால் லீவையாவது திருப்பிக் கேள். அவர்களிடம் என்ன வேண்டுமானாலும் சொல். வீட்டுக்காரனுக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை என்று சொல். கேன்டீனில் எல்லோர் முன்னாலும் சொல். கிளெமென்ட்டிடமும் சொல், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில்தான் போடுகிறேன். கடிதம் இருந்தால் திரும்பிப் போகும்போது கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். இதையாவது நீ முதலில் தெரிந்துகொள்.

நாளை மறுநாள் நடுச்சாமப் பூசைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மாதா உன்னைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக வேண்டி வருகிறேன். இந்தத் தடவை அப்படி வேண்டப் போவதில்லை. வைத்திருந்தது போதும், திருப்பிக் கொடு என்று கேட்கப் போகிறேன்.

உன்,
மிக்கேல்ராஜ்