மயில் கோட்டில் ஒரு நாசி கண்டார் கடை

அன்பு மகள் அதிராவுக்கு,

தண்ணீர்மலை முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம், மெல்பர்னில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். முதலில் ஒன்று, இதை வேறொருவர் போனிலிருந்து எழுதுகிறேன், என் போனுக்கு இப்போது அழைக்காதே. ஏன் என்று சொல்கிறேன், பதறாமல் படி.

தைப்பூச விரதம் தொடங்கியதிலிருந்து நீ சொன்ன தெருவெல்லாம் போனும் கையுமாக நடந்தேன் அல்லவா, நீ அதில் போட்டுத் தந்த ஆப் நான் நிற்கும் இடத்தைப் புள்ளியாகவும் நடந்த வழியைக் கோடாகவும் காட்டக் காட்ட, உன் இணையப் பக்கத்தில் ஜார்ஜ்டவுன் வரைபடத்தின் மேல் மயில் வளர்ந்ததைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகள் செய்த வேலை என்று அந்தப் பக்கத்தை நம் தாமான் குடியிருப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நானே போட்டேன். எதிர்வீட்டுத் தயாளனும் அந்தக் குழுவில் இருப்பது என் புத்திக்கு உறைக்கவில்லை. அவன் மனைவி சாந்தினி, உன்னோடு படித்தவள்தான், அவன் அடி தாங்காமல் வீட்டை விட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது. எங்கே போனாளோ தெரியாது என்று உன்னிடம் சொன்னது பொய். பள்ளிவாசல் சாலையில் என் தோழி சுஹானாவின் ஆட்டுக்கறிச் சோறு மணக்கும் நாசி கண்டார் கடை மாடியில்தான் இருந்தாள், மருந்தும் மாற்றுத்துணியும் தினமும் நான்தான் கொண்டுபோனேன். அந்த நேரம் ஆப்பை அணைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கோடு அங்கேயே போய்ப் போய்த் தடித்துவிட்டது, நீயும் மயிலுக்குக் கண் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, அங்கிருந்து பார்த்தால் அது கண்தான்.

இன்று காலை தயாளன் நம் வாசலில் வந்து நின்று, "அக்கா, நீங்க சுத்த விரதமாச்சே, தெனம் நாசி கண்டார் கடையில உங்களுக்கு என்னா வேல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். தைக்கத் துணி கொடுத்தேன் என்று உளறினேன். "சரிலா, இன்னைக்குப் புள்ளி எங்க போகுதுன்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தான். அப்பா போனிலிருந்து சுஹானாவை எச்சரித்தேன், என் போனை, கடல் பாலம் தாண்டி ஜுருவுக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டும் பக்கத்து வீட்டு ரமணியிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பின்கதவு வழியாகப் போய் சாந்தினியை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் பாலம் தாண்டிப் போகிறது, தயாளன் கார் பின்னாலேயே வருகிறது என்று ரமணி அப்பாவிடம் சொன்னானாம். பஸ்ஸில் நாற்பது பேர் இருக்கிறார்கள், அதனால் ரமணிக்குப் பயமில்லை. போலீசிலும் எழுதிக் கொடுத்தாயிற்று.

இதைப் படித்ததும் பக்கத்தை மூடத்தான் உன் கை துடிக்கும். மூடாதே அம்மா. புள்ளி நின்றால் அவன் நேரே கடைக்குத் திரும்பிவிடுவான், நாங்களும் இன்னும் போய்ச் சேரவில்லை. எங்கள் நேரம் மாலை ஆறு மணி வரை அது ஓடட்டும். ஆறு அடித்ததும் மயில், கோடு எதுவும் மிச்சமில்லாமல் அழித்துவிடு. சனிக்கிழமை உன் கண்காட்சி என்று தெரியும், ஒரு வருட உழைப்பு என்றும் தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

நீ மனம் கலங்காமல் இருக்க முருகன் துணை நிற்பான். மறந்துவிடாதே, ஆறு மணி.

எங்கே இருக்கிறேன் என்று இன்று உனக்குக்கூடச் சொல்ல முடியாத உன் அம்மா,
ஜெகதீஸ்வரி