பீஷியாவுக்கு ஓர் இடம்

லூகாங்,
மார்ச் 18

அன்பு மகன் வென்பினுக்கு அம்மா எழுதுவது. நீ, மருமகள், குழந்தை மூவரும் சாவோ பாலோவில் சௌக்கியமாக இருக்க வேண்டும். நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுத வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

உன் அக்கா பீஷியா போய் வருஷம் திரும்பிவிட்டது. அப்பாவுக்கு வருஷம் முடிந்தபோது அவருடைய ஊதுபத்திக் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகைச் சாம்பல் எடுத்து முன்னோர் கிண்ணத்தில் போட்டு, முன்னோர் பேர்ப் பலகையில் அவர் பேரைச் சேர்த்தோமே, அக்காவுக்கும் அப்படிச் செய்யலாம் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "அண்ணி, கல்யாணமாகாத பொண்ணுக்குப் பொறந்த வீட்டுப் பலகையில எடம் கெடையாது, உங்களுக்குத் தெரியாததா. கன்னிப் பொண்ணுங்க கோயில்ல வெச்சிடலாம், அங்க தொணைக்கு ஆளும் இருக்கும்" என்றார். இல்லையென்றால் யாராவது மாப்பிள்ளை பார்த்து அவள் பேருக்குக் கல்யாணம் செய்துவைக்கலாமாம், புருஷன் வீட்டுப் பலகையில் இடம் கிடைத்துவிடுமாம். உயிரோடு இருந்தபோது வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்தவள், செத்த பிறகா தலையாட்டப் போகிறாள். இப்போது அவள் கிண்ணம் பின்கட்டில், அரிசி டிரம்முக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் அவரைத் தூக்கி உட்காரவைத்துக் கழுவிவிட்டவளுக்கு அந்த இடம்.

பலகையில் இருக்கிற பெரியவர்களையே கேட்டுவிடுவோம் என்று அதன் முன்னால் குறி கேட்கிற பிறைக்கட்டைகள் இரண்டையும் உருட்டினேன். இரண்டும் மல்லாந்து விழுந்தன, சிரிக்கிறார்களாம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு மறுபடி உருட்டினேன். இரண்டும் குப்புற விழுந்தன, மாட்டோம் என்று அர்த்தம். இத்தனை வருஷம் என் கையால் கோழியும் மீனும் தின்றவர்கள். மற்றவர்களை விடு, உன் அப்பாவும் அந்தக் கூட்டத்தில்தானே இருக்கிறார், அவர் எப்படிடா மாட்டேன் என்றார். அன்றிலிருந்து அவர்களுக்கு ஊதுபத்தி மட்டும்தான், சோறு கிடையாது. அண்ணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சித்தப்பா தெருவெல்லாம் சொல்கிறார், சொல்லட்டும்.

போன வாரம் அவரே இறங்கிவந்து, "வென்பின்தான் வாரிசு. அவன் வாயத் தொறந்து கேட்டா பெரியவங்களும் ஒத்துக்குவாங்க, நானும் குறுக்க நிக்கல" என்றார். அதைத்தான் உன்னிடம் போனில் சொன்னேன். நீ "உங்க இஷ்டம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். என் இஷ்டத்தில் நடக்கிற காரியமானால் உன்னை ஏன் கேட்கப் போகிறேன். உனக்கு வேலை அதிகம், எனக்குத் தெரியும். அக்காவும் உன்னிடம் எதையும் கேட்டவள் இல்லை, அதனால்தான் நான் கேட்கிறேன்.

அடுத்த மாதம் கல்லறை பெருக்கிக் கும்பிடும் நாளுக்குள் சித்தப்பாவிடம் நீயே பேசு. பேசாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நான் போன பிறகு என் பேரையும் அந்தப் பலகையில் எழுதாதே. அவளை வைக்கப்போகிற கன்னிப் பெண்கள் கோயிலிலேயே என்னையும் வை. கல்யாணமானவளுக்கு அங்கே இடமில்லை என்பார்கள். வாசலில் வை, போதும்.

குழந்தைக்கு இருமல் நிற்கும்வரை ஐஸ் கொடுக்க வேண்டாம். நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உனக்கும் பீஷியாவுக்கும் அம்மா