வெறுந்தலையோடு எடுத்த அளவு

இஞ்சேருங்கோ,

புட்டும் மீன்குழம்பும் குசினியில மூடி வைச்சிருக்கிறன். நான் கோயில் கூட்டத்துக்குப் போறன். கார்த் திறப்பு அலுமாரிக்கு மேல கிடக்கு, ஏனெண்டு கீழ சொல்லுறன்.

பின்னேரம் பத்திநாதன் அண்ணை வந்து உங்கட ரேஸ் காருக்குள்ள பொருத்திப் பார்த்து நிறுத்தி வைச்சிருக்கிற அந்தக் கம்பிக்கூட்டை வெல்ட் பண்ணப் போறார். கார் உருண்டால் கூரை தலையில நசியாமல் அதுதான் தாங்குமெண்டு, நேற்றுச் சண்டைக்குள்ளயும் விளங்கப்படுத்தினீங்கள். அப்பயிருந்து எனக்கு ஒரே யோசனை: தாங்கிற கம்பியிலயே தலை அடிபட்டால்?

விடிய அந்தத் திறப்பை எடுத்துக் காரைத் திறந்து, உங்கட ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு சீற்றில இருந்து பார்த்தன். தலையைக் கொஞ்சம் அசைச்சாலே மேல்கம்பியில முட்டுது. நீங்கள் என்னைவிட உயரம். அண்ணை வள்ளத்துக்குக் கூரை போடுறவர்; பழக்கத்தில உங்களையும் வெறுந்தலையோட இருத்தி அளவெடுத்திட்டார்.

சீற்றைக் கீழ பதிக்கிறதோ, கம்பியை உயர்த்துறதோ? ஹெல்மெற்றோட இருந்து பார்த்து முடிவெடுக்காமல் வெல்ட் பண்ண விடாதேங்கோ. அவரோட கோபிக்காமல் தேத்தண்ணி ஊத்திக் குடுங்கோ.

சோபனா

பி.கு.: அந்தக் காரை எட்டியும் பார்க்கமாட்டன் எண்டு சொன்னது நான்தான். எட்டிப் பார்க்கேல்லை, ஏறித்தான் இருந்தனான். பக்கத்துச் சீற்றுக்கும் ஒரு நல்ல பெல்ற் பூட்டச் சொல்லுங்கோ.