கால் எட்டாத கிளட்ச்

ஆவணி 9, திங்கள்

மழை வரும் என்றார்கள். புழுதிதான் வந்தது.

காலையில் பன்னிரண்டு மூட்டைப் பூ. மல்லிகை எட்டு, சம்பங்கி நாலு. வழக்கம் போலப் பக்கத்து சீட்டில் வளர்மதி அக்கா. பாதி மூட்டை அவள் தோட்டத்தது. குளக்கரை ஏற்றத்தில் பிக்கப் வண்டி மானத்தை வாங்கிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இஞ்சின் கத்துகிறது, வண்டி ஊர்கிறது. கருகல் வாடை வேறு.

"ஏடி செல்வி, எதுவோ தீயுதுடி. எறங்கிக்கவா?"

"இறங்கித் தள்ளுறதா இருந்தா இறங்கு."

முதல் கியரில் முனகிக்கொண்டே கரையேறினோம். கீரமங்கலம் கமிஷன் கடையில் ஏலம் பாதி முடிந்திருந்தது. அக்கா கிடைத்த விலைக்குப் பூவைத் தள்ளிவிட்டு, வண்டி வாடகையை முழுசாக எண்ணிக் கொடுத்தாள். அதுதான் உறுத்தல்.

கத்தாரிலிருந்து வீட்டுக்காரர் போன். சொன்னேன். "பதினெட்டு வருச வண்டி, போதும் விடு. பொன்னமராவதி புரோக்கரை சனிக்கிழமை வரச் சொல்றேன். வித்துரு." வித்துரு. எவ்வளவு லேசாக வருகிறது வாயில்! மூன்று வருடமாக ஓட்டுகிறவள் நான். இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற ஒரே பொம்பளை. வண்டி போனால் திரும்பவும் சம்பங்கி பறிக்கப் போக வேண்டியதுதான்.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். ஆடி மாதம் கிளட்ச் கேபிள் நட்டை நான்தான் முறுக்கினேன். பெடலை முழுக்க அமுக்க சீட்டு நுனிக்கு வர வேண்டியிருந்தது, இடுப்பு வலி. போன் வீடியோவைப் பார்த்து, ஸ்பேனரை எடுத்து, நாலு சுற்று. பாதி மிதித்தாலே கியர் விழுந்தது. அன்றைக்கு எவ்வளவு பெருமை!

அதனால் இருக்காது. வண்டிக்கு வயசாகிவிட்டது. அவ்வளவுதான்.

(கேஸ் புக் பண்ண. பாப்பா சட்டைக்குப் பட்டன்.)

ஆவணி 10, செவ்வாய்

வெறும் வண்டியை மெல்ல உருட்டி ஆலங்குடி போனேன். மெக்கானிக் அந்தோணி அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஹேண்ட் பிரேக் இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை விட்டார்.

"நல்ல கிளட்சுன்னா இஞ்சின் இப்ப செத்துரணும், தங்கச்சி."

சாகவில்லை. ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

குனிந்து கேபிளைப் பார்த்தார். "பெடல்ல கொஞ்சமாவது வெறும் ஆட்டம் இருக்கணும். இதுல துளி இல்ல. எந்நேரமும் பாதி மிதிச்ச மாதிரியே நிக்கிது. பெறகு தேயாம என்ன செய்யும்? யாரு இப்படி முறுக்குனது?"

"தெரியலண்ணே."

"ஒங்க வீட்டுக்காரருதான். வெவரம் இல்லாத மனுசன்."

நானும் சேர்ந்து சிரித்தேன். சண்டாளி.

நட்டைத் தளர்த்திவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் இஞ்சின் சாகவில்லை. கிளட்ச் தட்டு தேய்ந்தே போய்விட்டதாம். கியர் பாக்ஸை இறக்க வேண்டும், சாமான் புதுக்கோட்டையிலிருந்து வர வேண்டும். வெள்ளிக்கிழமை முகூர்த்தம், இரண்டு பங்கு பூ இருக்கிறது என்றேன். பார்ப்போம் என்றார்.

பஸ்ஸில் வீடு. ஜன்னலோர சீட்டு கிடைத்தும் சந்தோஷமில்லை.

ஆவணி 11, புதன்

தூறல். ஊர்ப் பூ இன்னொருவர் லோடு ஆட்டோவில் போனது. வளர்மதி அக்கா வாசலில் நின்று, "வெள்ளிக்கிழமைக்கி அந்த ஆட்டோக்காரன் வரமாட்டானாம்டி. ஒன்னத்தான் நம்பியிருக்கோம்" என்றாள்.

மத்தியானம் பட்டறை. அண்ணன் கழற்றிய தட்டைக் கையில் கொடுத்தார். மேலே ஒட்டியிருக்கும் உரசுகிற பொருக்கு முழுக்கத் தேய்ந்து ஆணித் தலைகள் பளபளவென்று தெரிகின்றன. புதுசு அட்டைப் பெட்டியில்.

அப்போதுதான் உறைத்தது. புதுசு போட்டுப் பெடலைச் சரியாக வைத்தால் எனக்கு எட்டாது. எட்டாவிட்டால் இந்தக் கை சும்மா இருக்காது, திரும்பவும் முறுக்கும். இதுவும் கருகும். வீட்டுக்காரர் மேல் பழி போட்டால் வண்டி பிழைக்குமா?

"அண்ணே, நட்டை முறுக்குனது நான்தான்."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஏம்மா?"

"கால் எட்டலண்ணே."

திட்டுவார் என்று நினைத்தேன். சீட்டைக் காட்டி, "ஏறி உக்காருங்க. நுனிக்கு வரக் கூடாது, நல்லாச் சாஞ்சு" என்றார். உட்கார்ந்தேன். பெடல் பெருவிரலுக்குத்தான் அகப்பட்டது.

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கால் எட்டலன்னா சீட்டைல்ல நகத்தணும்! கேபிள் என்ன பாவம் பண்ணுச்சு?"

மூன்று வருடத்தில் இது எனக்குத் தோன்றவேயில்லை. அது வீட்டுக்காரர் சீட்டு, அவர் உயரத்துக்கு முடுக்கியது. அதைத் தொடலாம் என்றே நினைத்ததில்லை. நட்டைத் தொட்ட கைக்குச் சீட்டைத் தொடப் பயம். கூத்துதான்.

ஆவணி 12, வியாழன்

வெயில். தட்டு, பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் புதுசு. சீட்டுக்கு நாலு புது ஓட்டை போட்டு, நாலு விரற்கடை முன்னால் தள்ளி முடுக்கினார். முதுகுக்கு ஒரு திண்டு. "சும்மா இருக்கையில காலைப் பெடல் மேல வைக்காதீங்க, தரையில வைங்க." சரிண்ணே.

மூன்றாவது கியர். ஹேண்ட் பிரேக். கிளட்சை நானே விட்டேன். டக்கென்று செத்தது இஞ்சின். வண்டி நின்று போனதற்கு நான் கைதட்டியது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் போனில் வீட்டுக்காரரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். நட்டு, பொய், எல்லாம்.

"அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சாவியை வாங்கி வச்சிருப்பீங்க."

"சரி, வைக்கிறேன்" என்றார். சீட்டை நகர்த்தியதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. புரோக்கர் பேச்சை அவரும் எடுக்கவில்லை.

ஆவணி 13, வெள்ளி

இருபத்து நாலு மூட்டை. குளக்கரை வந்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு டேஷ்போர்டைப் பிடித்தாள். இரண்டாவது கியர். வாடை இல்லை, கத்தல் இல்லை. "ஏறிட்டமா?" என்றாள். அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தோம்.

ஏலத்துக்கு முன்னாலேயே போய்விட்டோம். முதல் வண்டி எங்களுடையது. மூட்டை இறக்கும்போது வீட்டுக்காரர் வீடியோ கால். வண்டிக்குள் உட்கார்ந்தபடியே எடுத்தேன்.

"என்ன செல்வி, சீட்டு இம்புட்டு முன்னாடி கெடக்கு? நான் வந்தா எங்கிட்டு உக்காருறது?"

போனைத் திருப்பிப் பக்கத்து சீட்டைக் காட்டினேன். "இங்கிட்டு."

வளர்மதி அக்கா வெளியே நின்று கெக்கெக்கே என்று சிரித்தாள். அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் அந்தக் காலி சீட்டைப் பார்த்தார்.

"அந்தப் புரோக்கரை வர வேணாம்னு சொல்லிர்றேன்" என்றார். "அந்தப் பக்கத்து ஜன்னல் கண்ணாடி எறங்காதே, நான் வர்றதுக்குள்ள அதையும் சரி பண்ணி வை."