சம்பள ஆள் அல்ல, தங்கச்சி

ஈசூன், சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை வசந்தாவுக்கு,

அண்ணன் ரகுபதி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் ஏதோ இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா ஓடவில்லை. பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டதாகச் சொன்னாய். உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். இந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீதான் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாயே, உன் மருமகள் நிவேதிதா காதில் விழ வேண்டாம் என்று எழுதுகிறேன்.

மகன் பிரபாகர் வீட்டில் பேரப்பிள்ளைகளின் அறையில் மடக்குக் கட்டிலில் படுத்து அலுத்துவிட்டது, சிங்கப்பூருக்கே வந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன், சேமநிதியில் எனக்கு மாதம் எவ்வளவு வரும் என்று விசாரியுங்கள் என்று கேட்டிருந்தாய். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளோடு செவ்வாய்க்கிழமை சேமநிதி அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் வைஷாலி என்று ஒரு பெண், நம் தமிழ்ப் பிள்ளைதான், பொறுமையாகப் பார்த்தாள். “அங்கிள், கல்யாணத்துக்கு முன்னால ஃபேக்டரியில ரெண்டு வருஷம் வேலை செஞ்ச காசுதான் இருக்கு. அதுக்கப்புறம் முதலாளின்னு யாருமே கட்டலையே,” என்றாள்.

அந்த ‘யாருமே’ நான்தான்.

தேக்கா சந்தைக்கு ஒருமுறை அதிகாரிகள் சோதனைக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். நம் காய்கறிக் கடையில் எத்தனை ஆள் என்று கேட்டார்கள். கூடை தூக்கும் சேவியரைக் காட்டினேன். நீ கொத்தமல்லிக் கட்டை உதறிக்கொண்டு நின்றாய். இவள் சம்பள ஆள் இல்லை, என் தங்கச்சி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நீயும் சிரித்தாய். சனிக்கிழமைதோறும் உன் கையில் பணம் கொடுத்தேனே தவிர, அதைச் சம்பளம் என்று நாம் இருவருமே சொன்னதில்லை. சொன்னால் உன்னைக் கேவலப்படுத்தியதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

சேவியரை இங்கே கீழே காப்பிக் கடையில் பார்க்கிறேன். “மாசாமாசம் காசு வந்துடுது லா அண்ணே, கவலை இல்ல,” என்கிறான். வரட்டும், உழைத்தவன். ஆனால் அவன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து கடை திறந்தவள் நீ. வேற்று ஆளுக்குக் கட்டியவன், கூடப் பிறந்தவளை மறந்துவிட்டேன்.

என் கதையைக் கேட்காதே. சொந்தத் தொழில்காரன் மருத்துவச் சேமிப்புக்குக் கட்டினால் போதும், மற்றது அவனவன் விருப்பமாம். கடை வாடகையும் அழுகிய தக்காளியும் போக எவனுக்கு விருப்பம் வரும்? முதலாளி என்று பெயர் மட்டும்தான். எனக்கு வருவது பஸ்ஸுக்கும் மாத்திரைக்கும் சரியாகப் போகிறது. அது என் தலையில் நானே போட்டுக்கொண்டது. உன் தலையிலும் ஏன் போட்டேன்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் கடை வைத்திருந்தவன் என்று சொன்னதும், என் கடையில் நீ சம்பளத்துக்கு இருந்தாயா என்று வைஷாலி கேட்டாள். ஆமாம் என்றிருந்தால் பழைய பாக்கியை என்னிடம் கேட்டிருப்பார்கள். “கூடமாட உதவிக்கு வருவாங்கம்மா,” என்று சொல்லிவிட்டேன். நீ உழைத்த இருபத்தாறு வருஷத்தை, வசந்தா, ஒரே வார்த்தையில் இல்லாமல் ஆக்கிவிட்டேன். சம்பளத்துக்குத்தான் இருந்தேன் என்று நீ எழுதிக் கொடுத்தால் விசாரிப்பார்களாம். எழுது என்று சொல்லத் தெம்பில்லை. எழுதாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

என் வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிட வேண்டியவன் நான். ஒரே அறை, அதில் உன் அண்ணி படுத்த படுக்கையாக இருக்கிறாள். நான் ஹாலில் படுக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கேலாங் சிவன் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தேன். நிவேதிதா ஏதாவது சொன்னால் காதில் வாங்காதே. பிள்ளைகளோடு அனுசரித்துப் போ. நீண்ட ஆயுளோடு இரு என்று எழுதத்தான் அண்ணன் கை போகிறது, எழுதப் பயமாக இருக்கிறது. சிங்கப்பூருக்கு டிக்கெட் மட்டும் எடுத்துவிடாதே, அம்மா.

உன் அண்ணன்,
ரகுபதி