துருப் பிடிக்காத கோப்பிச் செடி

கொட்டாஞ்சேனை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சாமினிக்கு,

கர்த்தரின் காவலில் நீயும் மருமகனும் சுகமாக இருப்பீர்கள், எனக்கும் முழங்கால் உளைவைத் தவிர ஒரு குறையுமில்லை. எழுத்துக் கோணல்மாணலாக இருக்கும், மன்னித்துக்கொள், எழுபத்து மூன்று வயதில் கோயில் வகுப்பில் பழகின கை, இதை எழுத இரண்டு நாள் பிடித்தது. போனில் சொல்லலாம்தான், ஆனால் என் கையால் எழுத ஆசையாக இருக்கிறது மகள்.

நிக்கலஸ் மாமா கண்டியிலிருந்து கோப்பிச் செடி கொண்டுவந்தது தெரியும்தானே, இரண்டு இனத்தைக் கலந்து உண்டாக்கினதாம், குட்டையாகவே நிற்கும், இலையில் துருநோய் பிடிக்காது, மூன்றாம் வருஷம் காய்க்கும், விதை போட்டால் மட்டும் தாயைப் போல வராது, எப்படியும் உன்ர கொழும்புச் சூட்டில் கருகும் மச்சான் என்று பகிடி பண்ணினார். தொடர்மாடியில் மண் ஏது, ஆத்துமாக்களின் நாளில் சேமக்காலைக்குப் போனபோது உன் அம்மாவின் கல்லறைக் குழியிலிருந்து ஒரு பை மண் அள்ளிவந்து வாளியில் நட்டேன். மழை இல்லாமலே பூத்தது, ஒரே வருஷத்தில் காய்த்தது. விதை போட்டேன், ஏழு கன்றும் அச்சொட்டாகத் தாய்தான், எல்லாம் வெயிலை விட்டு நான் படுக்கும் அறைப் பக்கமே சாய்கிறது. வறுத்து இடித்து ஊற்றினால் ஏலக்காய் மணம். கீழ்வீட்டு பீபி குடித்துப் பார்த்து, உங்கட மனுஷி, நான் தந்த இனிப்பு வட்டிலப்பத்தை ஏலம் மணக்குது என்று திருப்பித் தந்தவ, மௌத்தாகிக் குழிக்குப் போன பிறகு பழகிட்டாவா அண்ணே என்று சிரித்தா. நானும் சிரித்தேன், அம்மாதான் என்று ஒவ்வொரு காலையும் குடித்தேன்.

வாசிக்கத் தெரிந்த பிறகு முதல் தரமாகப் போன கிழமை சேமக்காலைக்குப் போனேன். பத்து வருஷமாக நான் அடையாளம் வைத்திருந்த அலரி மரத்தடிச் சிலுவையை விரலால் தடவி எழுத்துக்கூட்டினேன். அம்மாவின் பெயரான பேர்ணடெற் இல்லை மகள், எலிசபெத் றோஸ் என்று இருந்தது. வாசித்துவிட்ட சந்தோஷப் புளுகத்தில் முதலில் சிரித்தேன், பிறகுதான் அது வேறு ஆளின் பெயர் என்று உறைத்தது. இத்தனை வருஷம் யாரோ ஒருத்திக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றும்போது அந்தப் பெயர் வாயில் தன்பாட்டில் வந்தது, காற்று துளியும் இல்லை, ஏழு கன்றும் ஒருமிக்கத் தலையசைத்தது.

செடியைப் பிடுங்கச் சொல்லாதே, அந்த எலிசபெத் பிள்ளைக்கும் வேறு ஆளில்லை போல. அம்மாதான் என் கவலை, எந்தக் குழியில் இருக்கிறாவோ. சில குழிகளை வருஷங்கள் போனபின் திரும்பத் தோண்டி வேறு ஆளை வைப்பார்கள். நாளையிலிருந்து வரிசை வரிசையாக எல்லாச் சிலுவையையும் வாசிக்கப் போகிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், செபமாலையை விடாதே, தேவதாய் உங்கள் இருவரையும் ஆசீர்வதிப்பா. அடுத்த கிழமை கட்டாயம் எழுதுவேன், அம்மாவின் பெயர் எங்காவது இருந்தாலும், எல்லா இடத்திலும் வேறு பெயர்களே இருந்தாலும், வாசித்ததை அப்படியே எழுதுவேன்.

உன் அப்பா,
மனுவேல்