சலூன் சுவரில் நிற்கிறவன்

14.06.2024
சங்கக்கடையில் சீனி வாங்க நிற்கும்போது சிவலட்சுமி கேட்டாள்: “ஏன் அக்கா, உங்கட சஜீவன் ஒரு பொம்பிளையையும் படமாய்க் கீறினதே இல்லையோ?” பின்னால் நின்ற ரெண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் பிள்ளையை ரிப்பர் லொறி அடித்துக் கொன்று இன்னும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிகூட வரவில்லை. என்னிடம் கேட்கிற கேள்வியா இது? சீனி வாங்காமலே வந்துவிட்டேன்.

வந்து இருந்து யோசித்தால் அது உண்மைதான். வவுனியாவில் ஒரு அச்சுக்கடைக்கு விளம்பரப் படம் கீறிக் கொடுத்தான். வேட்டிக்கு, சாரத்துக்கு, சேவிங் கிறீமுக்கு. எல்லாம் ஆம்பிளைகள். ஆம்பிளைகள் என்ன, எல்லாம் ஒரே ஆள். புளியங்குளம் சந்தியில் முத்துலிங்கத்தின் சலூன் பக்கச் சுவர் முழுக்க அவன்தான் நிற்கிறான். மேலில் சட்டை இல்லை. தோளில் ஒரு துவாய். தொப்புளுக்குக் கீழே இறங்குகிற மயிரைக்கூட விடாமல் கீறியிருக்கிறான் சஜீவன். பெற்ற தாய்க்கே பார்க்கக் கூச்சம்.

15.06.2024
மூத்தவள் சுகந்தினியைக் கேட்டேன். அவளுக்கு முதலே தெரியுமாம்.
“தம்பிக்கு ஆம்பிளையளைத்தான் விருப்பம் அம்மா. உங்களுக்குச் சொல்லப் பயந்தவன்.”
கன்னத்தில் அடித்துவிட்டேன். கலியாணம் கட்டின பிள்ளையை.

16.06.2024
செத்தவீட்டுத் துடக்கு, கோயிலுக்குப் போகேலாது. போகலாம் எண்டாலும் என்னத்தைக் கேட்கிறது?

19.06.2024
அந்தியேட்டிக்குச் சின்னராசா அண்ணா பளையிலிருந்து வருவார். பஸ்ஸால் இறங்குவது சலூனுக்கு நேரே. முத்துலிங்கத்திடம் போய், அந்தப் படத்துக்கு மேலே வெள்ளை அடித்துவிடுங்கோ என்று கேட்டேன்.

“ஐயோ அக்கா, வாற பெடியள் எல்லாம் அந்தப் படத்தைக் காட்டித்தான் வெட்டச் சொல்லுறாங்கள். மொட்டை விழுந்தவனும் அதைத்தான் காட்டுறான்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேற என்ன செய்யலாம் எண்டு கேட்டார்.

அந்த யோசனை எனக்குத்தான் வந்தது. சஜீவனுக்குக் கூட்டாளிமார் அடித்த கண்ணீர் அஞ்சலிப் பனர் சந்தியில் ஒரு மரத்தில் கிடந்தது. அதைக் கழட்டி இந்தச் சுவரில் கட்டினால் என்ன? செத்தவீட்டுப் பனரில் ஒருத்தரும் கை வைக்கமாட்டார்கள். முத்துலிங்கம் இன்றைக்கே கட்டுவதாகச் சொன்னார். மனம் கொஞ்சம் ஆறியது.

22.06.2024
பனர் நீளம் காணாது. சுவரில் நிற்கிறவனின் முகத்தை மட்டும்தான் மறைத்தது.

சஜீவனின் தலை மேலே. கழுத்துக்குக் கீழே அந்த உடம்பு, துவாய், நெஞ்சு, தொப்புள், எல்லாம். ஆரோ போனில் எடுத்து பேஸ்புக்கில் போட்டுவிட்டாங்கள். சுகந்தினியின் புருசன்தான் காட்டினார். கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக் கிடக்கு. மறைக்கப் போய் நானே என்ர பிள்ளையை உடுப்பில்லாமல் சந்தியில நிப்பாட்டிப் போட்டன் — நான்தான், வேற ஆருமில்லை.

23.06.2024
பின்னேரம் ஒரு பெடியன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து வாசல் படலையடியில் நின்றான். அனோஜன் என்றான். கனகராயன்குளத்து ஆள், மேசன் வேலை. கையில் சீமெந்து காய்ந்து கிடந்தது. இடது கன்னம் முழுக்க எரிந்த தழும்பு, காதில் பாதி இல்லை. கடைசிச் சண்டை நேரம் செல் குண்டு விழுந்ததாம்.

“அம்மா, பனருக்குக் கீழ உரப்பையை வெட்டித் தைச்சுக் கட்டிவிட்டிருக்கிறன். இனி ஒண்டும் தெரியாது.”

எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ என்று நினைத்தேன். அவன் போகிறதுக்குச் சைக்கிளைத் திருப்பினான். அப்போதுதான் வலது பக்கத்தைக் கண்டேன். சுவரில் நிற்கிறவனின் அந்தப் புருவம். அந்த மூக்கு.

“நீரோ?” என்றேன்.

“ஓம் அம்மா.” கையில் காய்ந்திருந்த சீமெந்தைச் சுரண்டினான். “என்ர முகம் இப்பிடி இல்லையடா எண்டு நான் சண்டை பிடிக்கிறனான். தனக்கு இப்பிடித்தான் தெரியுது எண்டுவான் சஜீவன்.”

தன் உடம்பைத் தானே உரப்பை கட்டி மறைத்துவிட்டு வந்திருக்கிறான், எனக்காக. அவனை நான் உள்ளுக்கு வாரும் என்று கூப்பிடவில்லை. ஒரு மிடறு தண்ணி வேணுமோ என்றும் கேட்கவில்லை.

“அந்தியேட்டிக்கு வந்திடாதையும் தம்பி. அண்ணையாக்கள் நிப்பினம்.”

“சரி அம்மா.”

சீ. என்ன வாய் இது.

27.06.2024
ஒன்றும் எழுத வரவில்லை.

04.07.2024
அந்தியேட்டி முடிந்தது. பந்தியில் இருந்துகொண்டு அண்ணா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “முத்துலிங்கம் நல்ல மனுசன். கடைச் சுவரையே எங்கட மருமகனுக்கு விட்டிருக்கிறார், கண்டனீங்களோ?” எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியூரில் இருந்து வந்த ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. நான் ஆசைப்பட்டதும் இதுதானே. பிறகு ஏன் அடிக்கடி படலையைப் பார்த்தேன்?

காலையில் படையலுக்குச் சமைக்கும்போது சுகந்தினி, “தம்பிக்கு என்ன கறி விருப்பம் அம்மா?” என்று கேட்டாள். சின்னனில் விரும்பினதெல்லாம் சொன்னேன். வளர்ந்த பிறகு என்ன விரும்பித் தின்றான் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க ஒரு ஆள் இருந்தது. அவனைத்தான் வராதையும் எண்டனான்.

05.07.2024
சோறு புதிதாக வடித்து, நேற்றைய பலகாரத்திலும் எடுத்துக் கட்டிக்கொண்டு கனகராயன்குளம் போனேன். விசாரித்து விசாரித்துப் பிடித்தேன். ஒரு புது வீட்டுக்குச் சுவர் பூசிக்கொண்டு நின்றான். “உமக்குச் சேர வேண்டியது,” என்று பார்சலை நீட்டினேன். கையைக் கழுவிவிட்டு மணலிலேயே இருந்து சாப்பிட்டான். ரெண்டு வாய்தான். பிறகு அழத் தொடங்கினான். எரிந்த கன்னம் அசையவில்லை, மற்றக் கன்னம் மட்டும் துடித்தது. நானும் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

“சஜீவனுக்கு என்ன கறி விருப்பம் தம்பி?”

“கணவாய். உறைப்புக் குறைவாய்.” மூக்கைத் துடைத்தான். “நீங்கள் வாய் எரிய எரியத் தூள் போடுறனீங்களாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் செத்த பிறகு முதல் சிரிப்பு, அதுவும் அவன் முன்னால். அண்ணா கண்டிருந்தால்?

08.07.2024
முத்துலிங்கத்திடம் பனரைக் கழட்டச் சொன்னேன்.

“உங்கட மகன்ர படம் அக்கா, நான் எப்பிடிக் கழட்டுறது? ஆரும் கேட்டால் என்ன சொல்ல?”

“கீழ கிடக்கிறதும் என்ர மகன்ர படம்தான். கேட்கிறவையை என்னட்டை அனுப்புங்கோ.”

கதிரையில் ஏறிக் கயிற்றை அறுத்தார், உரப்பையும் சேர்ந்து விழுந்தது. பிள்ளையின் முகத்தைச் சுருட்டி என் கையில் தந்தார். பஸ்ஸுக்கு நின்ற சனம் சுவரைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. முகம் சுட்டது. போய்விடலாம் போல இருந்தது. வெட்கம் போகவில்லை, போகும் என்றும் நினைக்கவில்லை. பனரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பஸ் வந்து எல்லோரும் ஏறிப் போகும் வரைக்கும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வடிவான பிள்ளை.